ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பேரு

மைசூர், விஜயநகர்
14.6.2024

அன்புள்ள அக்காளுக்கு உன்ற தம்பி அய்யாசாமி எழுதறது. நான் இங்க சோத்துக்கும் தூக்கத்துக்கும் கொறையில்லாம இருக்கேன். உனக்கு எடது காதும் இப்போ சரியாக் கேக்கறதில்லைன்னு உன்ற மக அஷ்வினி காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணிச் சொன்னா. அதான் பழையபடி காயிதம் எழுத உக்காந்துட்டேன். போன்ல நான் கத்த, நீ "என்ன, என்ன"ங்க, பக்கத்து ரூமுக்காரன் நமக்குள்ள சொத்துத் தகராறுன்னு நெனைச்சுக்கறான். மச்சானுக்கு முட்டிவலி தேவலையா?

இப்போ நடக்கறது ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் வீடு. மூணு மாடி, பூச்சு வேலை. காண்ட்ராக்ட் எடுத்திருக்கற இன்ஜினியர் ஸ்ரீகருக்கு வயசு கம்மி, ஆனா மேஸ்திரியக் கேக்காம ஒரு மூட்டை சிமெண்டு பிரிக்கமாட்டாரு. என் கையில பதினோரு ஆளு. நீ நம்பி அனுப்பி வெச்ச பக்கத்து வீட்டு மல்லம்மாவுக்கு வர்ற ஆவணியோட ரெண்டு வருஷம் முடியுது. கலவைச் சட்டியோட அவ சாரத்துல ஏறினா ஆம்பளைங்க ஒதுங்கித்தான் நிப்பாங்க. அவ புருஷன் ஜடையன்கிட்டச் சொல்லு, பொண்டாட்டி நல்லா இருக்கான்னு.

அஷ்வினிக்குப் படிப்பு உதவி வந்திருச்சாமா? நீ என்கிட்டத் தொண்ணூறு நாள் சித்தாள் வேலை பாத்தேன்னு நான் போட்ட கையெழுத்து வீண் போகலை. ஜாக்கெட் தைக்கறவளுக்கு எதுக்குக் கட்டடத் தொழிலாளி கார்டுன்னு யாராச்சும் கேட்டா, ஜாக்கெட்டும் கட்டடந்தான், அளவு தப்பினா இடிஞ்சுரும்னு சொல்லு. நம்ம ஊரு பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்தாலும் சரி, தபால்ல போட்டாலும் சரி, பதில் வேணும்.

உன்ற தம்பி
அய்யாசாமி

*

ஹனூர்
28.6.2024

தம்பி அய்யாசாமிக்கு அக்கா பாப்பாயி எழுதிக்கொண்டது. உன்ற மச்சான் மாடு பிடிச்சு நடக்கற அளவுக்குத் தேறிட்டாரு. எனக்குக் காதைத் தவிர எல்லாம் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடறயா, இல்லை வெறும் டீயிலயே ஓட்டறயா?

உதவி வந்தது. போன வாரம் அஷ்வினி காலேஜ்ல, கட்டடத் தொழிலாளி மக நல்ல மார்க் வாங்கியிருக்கான்னு மேடையில ஏத்திக் கைதட்டினாங்களாம். அவ சந்தோசமாச் சொன்னா. நான் ஊசியில நூலு கோக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஒரு செங்கல்லைத் தொடாத எனக்குக் கார்டு இருக்குது. நாள் பூரா சொமக்கறவளுக்கு ஏன் இன்னும் இல்லை? போன தைப் பொங்கலுக்கு வந்தப்போ மல்லம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னா, "மேஸ்திரி அண்ணன் அடுத்த மாசங்கறாரு"ன்னு. எத்தனை அடுத்த மாசம்டா இருக்குது உன்ற காலண்டர்ல? முதல்ல அதை முடி.

பாப்பாயி

*

மைசூர்
19.7.2024

அக்காளுக்கு, நலம். அவசரமா எழுதிக் கண்டக்டர்கிட்டயே குடுத்தனுப்பறேன். உன்ற லேபர் கார்டும் ஆதார் கார்டும் ஒரிஜினலே வேணும். ரினீவல் பண்ணணும். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்கு, நம்ம கண்டக்டர்கிட்டக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துரு.

மல்லம்மா கொஞ்சம் வழுக்கி விழுந்துட்டா. கால்ல அடி. பயப்பட ஒண்ணுமில்லை. ஜடையன்கிட்ட இப்போதைக்குச் சொல்லவேண்டாம், அவன் பதறிக்கிட்டு ஓடியாருவான்.

அய்யாசாமி

*

ஹனூர்
20.7.2024

தம்பிக்கு, இங்க எல்லாரும் சுகம். கவருக்குள்ள ரெண்டு கார்டும் வெச்சிருக்கேன். கண்டக்டருக்குக் காப்பித் தண்ணி குடுத்துச் சொல்லியிருக்கேன், பத்திரமாக் குடுப்பாரு.

மல்லம்மா எங்க விழுந்தா? எத்தனை உசரம்? நடக்கறாளா? நீ என்னைக்கும் ரெண்டு பக்கம் எழுதறவன். இப்போ அஞ்சு வரியில முடிச்சிருக்கற, மச்சானுக்கு முட்டிவலி எப்படீன்னுகூடக் கேக்கலை. மறைக்காம எழுது.

பாப்பாயி

*

ஹனூர்
18.8.2024

அய்யாசாமிக்கு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? ஒரு மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. அஷ்வினி போன் போட்டா "வேலையா இருக்கேன்"னு வெச்சுடறயாமா.

ஜடையன் தெனமும் சாயங்காலம் வந்து வாசல்ல நிக்கறான். கேக்கறதில்லை, சும்மா நிக்கறான். நான் மிஷினை மிதிச்சுக்கிட்டே "நல்லா இருக்காளாம்"னு சொல்லி அனுப்பறேன். எதை வெச்சுச் சொல்றேன்னு எனக்கே தெரியலை. அவளை உன்கூட அனுப்பச் சொல்லி அவன் வீட்டுப் படியேறிக் கேட்டவ நான். இந்த வாரம் பதில் வரலைன்னா அவனைக் கூட்டிக்கிட்டு நானே பஸ் ஏறிடுவேன்.

பாப்பாயி

*

மைசூர்
25.8.2024

அன்புள்ள அக்காளுக்கு, கோவம் நியாயந்தான். நான் சுகம். மல்லம்மாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு, ஆபரேசன் பண்ணிப் பிளேட் வெச்சிருக்குது. பதினெட்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில இருந்தா. கூடவே இருந்து பாத்துக்கிட்டது நான்தான், கஞ்சி காச்சிக் குடுத்தது எதுத்த வீட்டு அம்மா. இப்போ என் ரூம்ல இருக்கா, வாக்கர் புடிச்சு நாலு எட்டு வைக்கறா. வர ஞாயித்துக்கிழமை நானே கார் வெச்சு வீட்டுல கொண்டாந்து விடறேன். ஜடையன்கிட்டப் பக்குவமாச் சொல்லு.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசாங்க உதவி கேட்டு எழுதிப் போட்டிருக்குது. பேப்பர் வேலையெல்லாம் என் பொறுப்பு, நீ தலையைக் குடுக்காத. யாராச்சும் வந்து ஏதாச்சும் கேட்டா, தம்பிக்குத்தான் தெரியும்னு சொல்லிரு.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

அய்யாசாமி

*

ஹனூர்
20.9.2024

அய்யாசாமிக்கு, நீ சுகமா இருப்பேன்னு நெனைக்கறேன். என்னைப் பத்திச் சொல்றேன், கேட்டுக்க.

முந்தாநாளு காலையில ரெண்டு கொடம் தண்ணியோட வாரேன். வாசல்ல பைக் நிக்குது. லேபர் ஆபீசுல இருந்து ஒருத்தர், கையில ஃபைல். "இங்க பாப்பாயி யாரு?"ன்னு கன்னடத்துல கேட்டாரு. நான்தானுங்கன்னேன். கொடத்தைப் பாத்தாரு, என்ற காலைப் பாத்தாரு. ஃபைலைப் புரட்டி வாசிச்சாரு. என்ற காதுல பாதிதான் விழுந்துச்சு. பாப்பாயி, நாப்பத்தாறு வயசு, வீட்டு மாடிப்படியில இருந்து விழுந்து தொடை எலும்பு முறிவு, ஜூலை பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில சேத்தது தம்பி அய்யாசாமி. ஆபரேசன் ஆகி ரெண்டு மாசங்கூட ஆகலையே அம்மான்னாரு.

எனக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. எதுக்குக் கார்டு கேட்டே, எதுக்கு ரினீவல்னு எழுதினே, எல்லாம்.

அப்போ நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கொடத்தை எறக்கி வெச்சுட்டு, உள்ள போயி உக்காரட்டுங்களான்னு கேட்டு, நொண்டினேன். நாலு எட்டு நொண்டி நடந்தேன். செவத்தைக்கூடப் புடிச்சுக்கிட்டேன். உன்னைக் காப்பாத்தணும்னு ஒரு நொடியில தோணுச்சு. தோணினதும் காலு தானா இழுத்துச்சு. என்னைப் பெத்தவ பாத்திருந்தா செருப்பைக் கழட்டியிருப்பா.

பக்கத்து வீட்டு வாசல்ல வாக்கரைப் புடிச்சுக்கிட்டு மல்லம்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அவளைப் பாத்ததுக்கப்புறமும் நான் நொண்டறதை நிறுத்தலை.

அந்த ஆளு ஃபைல்ல என்னமோ எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. மல்லம்மா மெதுவா வேலியோரம் வந்தா. எனக்குக் கொஞ்சம் கேக்கற காதுப் பக்கமா நின்னு சொன்னா, "அக்கா, எனக்கு ஒடைஞ்சது வலது காலுங்க. நீங்க எடது காலை இழுத்தீங்க." கோவமாச் சொல்லலைடா. தையல்ல அளவு தப்பினா சொல்லுவாங்களே, அப்படிச் சொன்னா.

வீட்டு மாடிப்படின்னு எதுக்கு எழுதினே? நம்ம வீட்டுல ஏதுடா மாடி?

பாப்பாயி

*

மைசூர்
12.10.2024

அக்காளுக்கு, உன்ற காயிதம் வந்து இருவது நாளு. நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நலம்னு எழுதக் கை வரலை.

உள்ளதைச் சொல்றேன். அன்னிக்குத் தெக்குப் பக்கத்து வெளிச்செவுரு, ரெண்டாம் மாடி. சாரத்துல ஒரு பலகைக்கு ஒரு பக்கம் கட்டு இல்லை. காலையிலயே நான் பாத்துட்டேன். மத்தியானம் வீட்டுக்காரர் பாக்க வர்றாரு, அந்தச் செவுரு முடிஞ்சிருக்கணும்னு ஸ்ரீகர் நெருக்கிக்கிட்டு இருந்தாரு. கட்டிக்கலாம், அப்பறம் கட்டிக்கலாம்னு விட்டேன். மல்லம்மா சட்டியோட வந்து, "அண்ணா, பலகை ஆடுதே"ன்னா. "ஒண்ணும் ஆகாது, ஏறு"ன்னேன். என் வாயிலதான் அக்கா அது வந்துச்சு.

கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். ஸ்ரீகர் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தாரு, உள்ள வரலை. "மேஸ்திரி, சைட் பேரு வந்துச்சுன்னா போலீசு, கேசு, வேலை நின்னுரும். உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டுல விழுந்தான்னு சொல்லிருங்க. அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துல கல்யாண மண்டபம் வருது, அதுவும் உங்களுக்குத்தான்"னாரு. நான் தலையாட்டினேன்.

உள்ள கேட்டாங்க, நீங்க இவங்களுக்கு என்ன ஆகணும்? சொந்தக்காரங்கதான் ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடணுமாம். தம்பின்னேன். கார்டு இருக்குதான்னாங்க. அவளுக்குக் கார்டு இல்லை. இந்த சைட்ல யாருக்கும் கார்டுக்குத் தொண்ணூறு நாள் வேலைன்னு எழுதிக் குடுக்காதீங்க, நாளைக்கு நம்ம ஆளுன்னு ருசுவாயிரும்னு ஸ்ரீகர் சொல்லி வெச்சிருந்தாரு. நானும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு அவளை ஏய்ச்சேன். கார்டு இருக்கற ஒரே பொம்பளைப் பேரு எனக்கு அப்போ ஞாபகம் வந்தது உன்ற பேருதான். அவளுக்கு உதவி கெடைக்கட்டும்னு பாதி, நான் தப்பிக்கணும்னு பாதி. பாதின்னு எழுதறதும் பொய்யோ என்னமோ.

இன்னொண்ணு இருக்குது. இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. ஆபரேசன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சப்போ நர்ஸம்மா கன்னத்துல தட்டி, "உன் பேரு என்னம்மா?"ன்னு கேட்டாங்க. மல்லம்மான்னா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, "மயக்கத்துல ஒளர்றாங்க, பேரு பாப்பாயி"ன்னேன். அவ என்னையே பாத்தா. அப்பறம் பதினெட்டு நாளும் யாரு பாப்பாயின்னு கூப்பிட்டாலும் கையைத் தூக்கினா. நான் சொல்லாமயே தூக்கினா.

கல்யாண மண்டபத்து வேலை எனக்கு வந்திருச்சு. பதினோரு ஆளு இருவது ஆயிட்டாங்க. சாப்பிட உக்காந்தா அவ மூஞ்சிதான் வருது. நான் என்ன பண்ணட்டும்னு நீ சொல்லு.

அய்யாசாமி

*

ஹனூர்
27.10.2024

தம்பிக்கு, காயிதத்தை மூணு தடவை படிச்சேன். அழுதேன். உன்னைத் திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை, நொண்டினவ நான். அதனால நடந்ததை மட்டும் எழுதறேன்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்துல உமாதேவின்னு ஒரு அம்மா. மல்லம்மாவையும் ஜடையனையும் கூட்டிக்கிட்டு அவங்களைப் போயிப் பாத்தேன். வேலை செய்யற எடத்துல அடிபட்டா, கார்டு இருந்தாலும் இல்லாட்டியும் வேலை குடுத்தவங்கதான் நஷ்ட ஈடு தரணுமாம். மேஸ்திரி மூலமா வந்த ஆளுன்னு காண்ட்ராக்டர் கைகழுவ முடியாதாம். ரெண்டு வருசத்துக்குள்ள மனுக் குடுத்தாப் போதுமாம். கார்டு வேற, இது வேற. நீ என்ற கார்டைக் காட்டவேண்டிய அவசியமே இருந்திருக்கலை. அவளை மல்லம்மான்னு சொல்லி, சாரத்துல இருந்து விழுந்தான்னு சொல்லியிருந்தாலே போதும்.

அப்பறம் அந்தம்மா, ஆஸ்பத்திரிச் சீட்டைக் குடுங்கன்னாங்க. மல்லம்மா பையில இருந்து எடுத்து நீட்டினா. சீட்டுல என்ற பேரு. "அப்போ மல்லம்மான்னு ஒருத்தருக்கு அடியே படலையே"ன்னு அவங்க சொன்னாங்க. ஜடையன் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

வேலைக்கு வந்த கணக்கு நோட்டும், விழுந்ததைப் பாத்தவங்க சாட்சியும் இருந்தா முடியுமாம். நோட்டு உன்கிட்ட இருக்குது. பாத்தவங்க எல்லாரும் உன்ற ஆளுங்க. நீ வாயைத் தொறந்தாத்தான் அவங்க தொறப்பாங்க. நீ பேசினா உன்ற மேல கேசு வரலாம்னும் அந்தம்மா சொன்னாங்க. அதையும் எழுதிடறேன், உன்னை மாதிரி நான் மறைக்கலை.

என்ற கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். அன்னிக்கு வந்த அதே ஆபீசர்கிட்டப் போயி, நான் ஜாக்கெட் தைக்கறவ, என்ற காலுக்கு ஒண்ணுமில்லை, நொண்டினது நடிப்புன்னு சொன்னேன். "தெரியும்மா, எடது காலை இழுத்தீங்க"ன்னாரு. வாங்கின உதவியைத் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்களாம். அஷ்வினிகிட்டயும் சொல்லிட்டேன். "மேடையில ஏத்திக் கைதட்டினாங்களேம்மா"ன்னு மட்டும் கேட்டா.

நவம்பர் பத்தொம்பதாம் தேதி மைசூர் லேபர் ஆபீசுல மல்லம்மாவைக் கூட்டிக்கிட்டு உமாதேவி வருவாங்க. அன்னிக்கே எனக்குக் கொள்ளேகால்ல கார்டு விசாரணை, நான் வர முடியாது. நீ போறதும் போகாததும் உன்ற இஷ்டம். போகலைன்னா எனக்குக் காயிதம் போடவேண்டாம்.

பாப்பாயி

*

மைசூர்
24.11.2024

அன்புள்ள அக்காளுக்கு அய்யாசாமி எழுதறது. உன்ற விசாரணை என்ன ஆச்சு? மச்சானும் அஷ்வினியும் உன்கூடப் பேசறாங்களா? நான் கல்லு மாதிரி இருக்கேன், அதுக்கெல்லாம் கொறையில்லை.

மண்டபத்து வேலை இப்போ இல்லை. ஸ்ரீகர்கிட்ட முன்னாடியே போயிச் சொன்னேன், பத்தொம்பதாம் தேதி ஆபீசுக்குப் போறேன், நடந்ததைச் சொல்லப் போறேன்னு. "சரி அய்யாசாமி"ன்னாரு. மேஸ்திரின்னு கூப்பிடலை. மறுநாளே வேற ஆளைப் போட்டுட்டாரு. என் ஆளுங்கள்ல மூணு பேருதான் சாட்சிக்கு வந்தாங்க, மத்தவங்க அங்கயே நின்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்லை. இப்போ காலையில கரணையோட ரோட்டு முக்குல கூலிக்கு நிக்கறேன். நேத்து தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஓடியாந்து, "மேஸ்திரி, எத்தனை ஆளு வேணும்?"னான். நானும் வேலைக்குத்தான் நிக்கறேன்னு சொல்லிக் கரணையைக் காட்டினேன்.

ஆபீசுக்கு எனக்கு முன்னாடியே அவங்க வந்துட்டாங்க. மல்லம்மா வாக்கரோட, ஜடையன், உமாதேவி அம்மா. ஜடையன் என்னைப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டான். மல்லம்மாதான், "சாப்பிட்டீங்களாண்ணா?"ன்னு கேட்டா. நான் நோட்டை மேஜை மேல வெச்சேன்.

முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். கட்டு இல்லாத பலகை, நான் ஏறுன்னு சொன்னது, ஸ்ரீகர் கேட்டுல நின்னு சொன்னது, உன்ற பேரைக் குடுத்தது, மயக்கத்துல ஒளர்றான்னு நர்ஸம்மாகிட்டச் சொன்னது. அந்தக் கடைசிதான் சுலபத்துல வரலை. ரெண்டு தடவை தண்ணி குடிச்சேன். எழுதி வாசிச்சுக் காட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேப்பாங்களாம், வீட்டுக்காரருக்கும் ஸ்ரீகருக்கும் நோட்டீஸ் போகுமாம். என் மேல என்ன வரும்னு இன்னும் தெரியலை. நஷ்ட ஈடு கெடைக்க நாளாகும், ஆனா கேசு நிக்கும்னு உமாதேவி அம்மா சொன்னாங்க.

அப்பறம் ஆபீசரு மல்லம்மா பக்கம் திரும்பினாரு. பேனாவைத் தொறந்து, "உங்க பேரு சொல்லுங்கம்மா"ன்னாரு.

அவ வாயைத் தொறந்தா. தொறந்துட்டு, என்னைப் பாத்தா. எந்தப் பேரைச் சொல்லட்டும்னு கேக்கற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவரு எழுதாம காத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு எந்திரிச்சு வெளிய ஓடிரலாம்னு இருந்துச்சு. உக்காந்துதான் இருந்தேன் அக்கா. "உன்ற பேரைச் சொல்லு புள்ளே"ங்கற மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன். அதுக்கப்பறந்தான் அவ சொன்னா.

அய்யாசாமி